கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை. மலைமக்களுக்குக் காட்டின் மேல் அக்கறை இல்லையா?

8 ஜனவரி 2025, மாலை 6.15
கேள்வி: நான் சமூகப்பணி படித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். தாளவாடிப் பக்கம் மூன்று பழங்குடி ஊர்களில் வனப் பாதுகாப்பும் வாழ்வாதார மேம்பாடும் என்று ஒரு திட்டம். ஆறு மாதத்தில் ஏழு கூட்டம் போட்டோம். பத்துப் பேர் வந்தால் அதிகம். வருகிறவர்களும் டீ குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். சோளகர், ஊராளி, இருளர் என்று மூன்று சமூகமும் இருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இதே கதைதான். மக்களை எப்படி ஈடுபடுத்துவது? உண்மையிலேயே அவர்களுக்குக் காட்டின் மேல் அக்கறை இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை எழுதியவை:

8 ஜனவரி, இரவு 10.40
கூட்டம் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? பகல் பதினொரு மணி என்றால் பதில் அதிலேயே இருக்கிறது. இது மார்கழி. நெல்லிக்காய்க்கும் சீமாற்றுக்கும் போனவர்கள் மூன்று, நான்கு மணிக்குத்தான் திரும்புவார்கள். பதினொரு மணிக்கு ஊரில் இருப்பது கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காய்ச்சலில் படுத்தவர்கள். உங்கள் பத்துப் பேர் அவர்கள்தான்.

9 ஜனவரி, காலை 5.50
ராத்திரி சுருக்கமாக எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வனக்காரனும் இல்லை, சமூகப்பணியும் படிக்கவில்லை. கோபிக்காரன், பி.காம். 2003 முதல் 2009 வரை மலையில் வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். ஆள் பற்றாக்குறை என்பதால் கூட்டம் நடத்துகிற வேலையும் என் தலையில் விழுந்தது. வருகைப் பதிவேடு என் கையெழுத்தில்தான் இருக்கும். அதில் நாற்பது பெருவிரல் ரேகை இருந்தால் 'மக்கள் பங்கேற்பு சிறப்பு' என்று அறிக்கை போகும். அந்த நாற்பதில் பாதி ரேகையை மறுநாள் வீடு வீடாகப் போய் வாங்கினேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வேலை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது.

'ஈடுபடுத்துவது' என்ற சொல்லை நானும் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். யார் யாரை எதில் ஈடுபடுத்துவது? ஆனை எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று மண்ணை மோந்து சொல்கிற மனுசனைக் காட்டில் ஈடுபடுத்த நான் கோபியில் இருந்து பஸ் ஏறிப் போனேன்.

நாங்கள் அவர்களை ஈடுபடுத்தியது காட்டில் அல்ல, எங்கள் குழுவில். அந்தக் குழு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் மேற்கு வங்கத்து அராபாரியில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, 'குங்கிலியக் காட்டை நீங்கள் காத்தால் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு உங்களுக்கு' என்று ஊர்க்காரர்களிடம் பேசினார். வெட்டுப்பட்டுக் கிடந்த காடு துளிர்த்தது. அந்த வெற்றியைக் காட்டித்தான் 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் கூட்டு வன மேலாண்மை பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது, ஊருக்கு ஊர் கிராம வனக்குழு வந்தது. தலைவர் ஊர்க்காரர். செயலர் வனவர். வங்கிக் கணக்கு இருவர் பேரிலும்.

நான் பார்த்த குழு ஒன்றில் முத்திரை வனவருடைய பையில் இருக்கும். அவர் மாற்றலாகிப் போனபோது முத்திரையும் கூடவே போய்விட்டது. நாலு மாதம் அந்தக் குழு ஒரு காகிதம்கூட எழுதவில்லை. காடு என்னவோ அங்கேயே இருந்தது.

9 ஜனவரி, மதியம் 1.20
டீ பற்றி ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். டீயைக் குறைக்காதீர்கள். எங்கள் ஏழு வருஷத் திட்டத்தில் மக்கள் கைக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்த ஒரே பயன் அதுதான். வவுச்சர் இருக்கிறது.

11 ஜனவரி, இரவு 9.05
தராசுக் கதை.

எங்கள் திட்டத்தில் 'வாழ்வாதாரம்' என்ற தலைப்பில் முதலில் செய்தது சிறுவனப் பொருள் கொள்முதல். பூச்சக்காய், சீயக்காய், கடுக்காய், கல்பாசி, தேன். கீழ்நாட்டு வியாபாரி ஏமாற்றுகிறான், நாமே நியாயமான எடைக்கு வாங்குவோம் என்று முடிவு. மின்னணுத் தராசு ஒன்று வாங்கினோம். பில்லில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆபீஸ் அறையில் மேஜை மேல் வைத்துப் பூட்டினோம். சாவி என்னிடம். வியாபாரியை விடக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூடத் தருவதாக அறிவித்தோம்.

முதல் மாதம் இரண்டு மூட்டை வந்தது. மாலையில் வியாபாரியின் ஜீப் வழக்கம்போல் நிறைந்து இறங்கியது.

எனக்கு ஆத்திரம். ஒரு அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் பூச்சக்காயைத் தார்ப்பாயில் கொட்டிக் கல், குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: 'நீங்க சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை இல்ல. அஞ்சு மணிக்குப் பூட்டிருவீங்க. பணம் செக்குல வரும்னு சொல்றீங்க. செக்க மாத்த நான் தாளவாடி போகணும், ஒரு நாள் கூலி போச்சு. அவரு ஆடி மாசம் அரிசிக்குக் காசு குடுத்தாரு. நீங்க ஆடி மாசம் எங்க இருந்தீங்க சார்?'

ஆடி மாதம் நாங்கள் மதுரையில் பங்கேற்பு முறைகள் பற்றிய பயிற்சியில் இருந்தோம்.

கொள்முதல் நிலையம் தொடங்குகிற எல்லாரும் விலையைத்தான் பார்க்கிறார்கள். மலையில் விலையை விடப் பெரிய விஷயம் முன்பணம். மழைக்காலத்தில் காட்டு வரும்படியும் கூலியும் மெலிந்துபோகும். அந்த மூன்று மாதத்தைத் தாண்ட யார் கடன் கொடுக்கிறாரோ, தை மாதத்து மூட்டை அவருக்கு. அவரும் வில்லன் இல்லை. நடுராத்திரி பிரசவ வலி வந்தபோது அவருடைய ஜீப்தான் வந்தது. எங்கள் ஜீப்புக்கு டீசல் அனுமதிக் கடிதம் வேண்டும்.

12 ஜனவரி, காலை 7.30
நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வியாபாரியைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டேன்.

அவருடைய கொக்கித் தராசை நானே ஒருமுறை சோதித்தேன். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை மாட்டினால் நாற்பத்தி நாலு காட்டியது. அதற்கு மேல் சாக்குக் கழிவு, தூசிக் கழிவு, ஈரக் கழிவு. கல்பாசி காற்று மாதிரி எடை, அதில் ஈரக் கழிவு பிடித்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஜீப் கொடுத்தார், உண்மை. ஆறு கிலோவுக்கு ஒரு ஜீப் சவாரி என்று கணக்குப் போட்டால் விமானமே விட்டிருக்கலாம்.

சோளகர்களுக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். நான் சிமெண்ட் மூட்டையை மாட்டிக் காட்டியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு பையன் சிரித்தான்: 'ஆறு இல்ல சார், மழை நாள்ல எட்டு.'

15 ஜனவரி, மாலை 4.00
பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். 'காட்டின் மேல் அக்கறை இருக்கிறதா' என்ற பாதிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தாளவாடிக்கு வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலை. அங்கேயும் சோளகர்கள்தான், சோலிகா என்று எழுதுவார்கள். 1974-ல் அது சரணாலயம் ஆனது. மலைக்குள் இடம் மாற்றி மாற்றி விவசாயம் செய்தவர்களைச் சாலையோரத்தில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். தீ போடுவதும் குற்றமானது.

அவர்கள் தீயைத் 'தரகு பெங்கி' என்பார்கள். சருகுத் தீ. கோடை முற்றும் முன்பே, தரையில் சருகு காய்ந்த கையோடு, முழங்கால் உயரத்துக்குள் ஓடி அணைகிற தீ. புல் புதுசாக வரும், வழி தெரியும், உண்ணி குறையும். நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. தீ நின்ற பிறகு அங்கே இரண்டு காரியம் நடந்தது. நெல்லி மரங்களில் புல்லுருவி படர்ந்து மரங்கள் பட்டுப்போக ஆரம்பித்தன. தரையை உண்ணிச்செடி, அதாவது லாண்டானா முள்புதர், மூடியது. இது இந்த மண்ணுச் செடியே இல்லை, வெள்ளைக்காரன் பூந்தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது. 1997க்கும் 2008க்கும் நடுவில் அந்த மலையில் அது பரவிய இடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது என்று அங்கே அளந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் அளக்காமலே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகளோ 'நெல்லிக்காயை ஒட்டப் பறிக்கிறீர்கள், அதனால்தான் மரம் அழிகிறது' என்று அவர்களிடமே திருப்பிச் சொன்னார்கள்.

2002-ல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதைக் காட்டிச் சில வருஷத்தில் சரணாலயத்துக்குள் விற்பனைக்குச் சேகரிப்பதையே நிறுத்தினார்கள். நெல்லியும் தேனும் நின்றன. பலர் குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் புலிகள் காப்பக அறிவிப்பு. அதே வருஷம் அக்டோபரில் இருபத்தைந்து கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டத்தில் சமூக உரிமைப் பட்டயம். நாட்டில் புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அக்கறை இல்லாதவர்கள் அத்தனை வருஷம் காகிதம் தூக்கிக்கொண்டு அலைவார்களா?

16 ஜனவரி, இரவு 11.15
தீ பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் பாய்ந்திருக்கிறார்கள். நியாயம்தான். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு, காட்டில் தீ போடுவது நல்லது என்று யார் சொன்னாலும் வயிறு கலங்கும்.

நான் சொன்னதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிய காட்டில் இன்று சருகுத் தீ போட முடியாது. தீ அந்தப் புதரில் ஏறி மரத் தலைக்குப் போய்விடும். ஆசனூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதையே சொன்னார்: 'அப்ப போட்ட நெருப்ப இப்பப் போடக் கூடாது. மொதல்ல முள்ள எடுக்கணும்.' பழைய அறிவு என்றால் பழையதையே திரும்பச் செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு குட்டு.

முள்ளை எடுப்பதே ஒரு பிழைப்பாக முடியும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் உண்ணிச்செடிக் குச்சியைத் தண்ணீரில் வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி, கூடை முடைகிறார்கள். பிரம்புக்குப் பதில் அது. பூச்சி அரிக்காது. கூடலூர்ப் பக்கம் பெட்டகுரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சேர்ந்து அதே குச்சியில் நிஜ அளவு யானைகளைச் செய்தார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி யானையாகித் திரும்பிப் போனது என்று நான் சொன்னால் என் மகள் 'அப்பா, இதை எல்லா இடத்திலும் சொல்லாதீங்க' என்கிறாள்.

ஆனால் நாற்காலி செய்து காட்டைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள். நூறு நாற்காலிக்கு வெட்டியது ஒரு மழையில் திரும்ப முளைக்கும். வேரோடு பிடுங்கி, மறு வருஷம் நாற்றையும் பிடுங்கி, மூன்றாம் வருஷமும் பிடுங்க வேண்டும். அதற்குக் கூலி யார் தருவது என்பதுதான் கேள்வி.

20 ஜனவரி, மதியம் 12.10
மாட்டுக் கதையைச் சொல்லச் சொன்னீர்கள் அல்லவா? எங்கள் திட்டத்தில் கலப்பினப் பசு பன்னிரண்டு வாங்கிக் கொடுத்தோம். மேலிடத்தில் போட்ட திட்டம். பர்கூர் மலையின் சொந்த மாடு பக்கத்திலேயே இருக்கிறது. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு, ஆடு மாதிரி பாறை ஏறும், காட்டில் பட்டி போட்டு வளர்ப்பார்கள். பால் குறைவு என்று அதை ஒதுக்கிவிட்டோம். எங்கள் பசுவுக்குப் பருத்திக்கொட்டை வேண்டும், பச்சைத் தீவனம் வேண்டும், டாக்டர் வேண்டும். பாலை வாங்க வண்டி வராது. மூன்று செத்தது, இரண்டைச் சிறுத்தை கொண்டுபோனது, மிச்சத்தைத் தாளவாடிச் சந்தையில் விற்றார்கள். அறிக்கையில் நான் எழுதியது: 'பயனாளிகள் சொத்தைப் பணமாக மாற்றிக்கொண்டனர்.'

20 ஜனவரி, மதியம் 12.35
பர்கூர் மாட்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கவே உயர் நீதிமன்றம் தடை போட்டது. இரண்டு வாரத்துக்குள் அதைச் சரணாலயம், புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. 2024 ஜனவரியில் பர்கூர் மலையில் சுமார் 800 சதுர கிலோமீட்டரைத் தந்தை பெரியார் சரணாலயமாக அறிவித்தார்கள். சுருக்கிய தடை அங்கே திரும்ப வந்து நின்றது. பட்டி போடுகிறவர்கள் பதறுவது இதனால்தான்.

22 ஜனவரி, இரவு 10.00
சட்டம் பற்றிக் கேட்ட தம்பிக்கு. எனக்குத் தெரிந்த அளவு.

2006-ல் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பயிர் செய்யும் நிலத்துக்குக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை தனி உரிமை. எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிறுவனப் பொருளைச் சேகரிக்க, விற்க உரிமை இருக்கிறது, மூங்கிலும் அதில் சேர்த்தி. எல்லாவற்றுக்கும் மேலே சமூக வன வள உரிமை: ஊர் வழிவழியாகப் புழங்கிய காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே அதிகாரம். உங்கள் திட்டம் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் குழு அமைக்கவே தேவையில்லை. சட்டம் சபையை ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு மந்தம்? 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் மனுவைச் சரிபார்க்கலாம், பட்டயம் மட்டும் நீதிமன்ற அனுமதியில்லாமல் தரக்கூடாது என்றானது. 2016-ல்தான் அது நீங்கியது. எட்டு வருஷம் போச்சு. இன்னொன்று, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட இல்லை. அதனால் 1996-ன் பழங்குடிப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. ஆனாலும் வன உரிமைச் சட்டத்தில் குக்கிராமமே தனி கிராம சபையாகக் கூடலாம். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை.

ஆதாரம் எங்கே என்பார்கள். காகிதம் மட்டும்தான் ஆதாரம் என்று சட்டத்தில் இல்லை. மூத்தவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் அதுவும் சான்று. கல்லறை, கோயில், பழைய கிணறு எல்லாம் சான்று.

இங்கே ஒரு வில்லங்கம். மலையாளி என்ற மலைச் சமூகத்தார் (கேரளக்காரர்கள் இல்லை) ஈரோடு மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இல்லை. சேலத்தில் உண்டு. பர்கூர் லிங்காயத்துகளும் பட்டியலில் இல்லை. இவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுச் சோளகருக்கு ஒரு விதி, இவருக்கு ஒரு விதி. கூட்டத்தில் ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று நீங்கள் குழம்பினால், இதையும் மனதில் வையுங்கள்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா என்ற ஊர். கோண்டுப் பழங்குடிகள். 2006-லேயே சுமார் 1,800 ஹெக்டேருக்கு உரிமை வாங்கி மூங்கிலைத் தாங்களே விற்றார்கள். 'டெல்லியிலும் மும்பையிலும் நம் அரசு, நம் ஊரில் நாமே அரசு' என்பது அவர்கள் பேச்சு.

22 ஜனவரி, இரவு 10.12
தப்பு. சட்டமே 2006 டிசம்பரில்தான் நிறைவேறியது, அதே வருஷம் எப்படி உரிமை கிடைக்கும்? மேந்தா லேகாவுக்கு 2009. அதற்குப் பிறகும் மூங்கிலைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டுப் புத்தகம் தர வனத்துறை இழுத்தடித்தது. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்த பிறகுதான் புத்தகம் கிராம சபையின் கைக்குப் போனது. உரிமை காகிதத்தில், சீட்டுப் புத்தகம் வேறொருவர் மேஜையில். எங்கள் முத்திரைக் கதையேதான்.

அந்த ஊரில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவார்கள். ஒரு ஆள் மாட்டேன் என்றால் முடிவு தள்ளிப்போகும். நம் திட்டங்களுக்கு மார்ச் 31 என்று ஒரு தேதி இருக்கிறது.

27 ஜனவரி, காலை 8.00
அம்மிணி, நேற்றுக் குடியரசு தினக் கிராம சபைக்குப் போய் வந்ததை எழுதியிருக்கிறீர்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பதினெட்டு கிலோமீட்டர், உங்கள் மூன்று ஊரில் இருந்து இரண்டே பேர். மே 1 கிராம சபைக்கும் வர மாட்டார்கள், இப்போதே சொல்கிறேன். சித்திரையில் பாறைத் தேன் சீசன். மலைத்தேனீக் கூட்டுக்குக் கொடி ஏணி கட்டி இறங்குகிறவன் தேதி பார்த்தா இறங்குவான்? நிலா இல்லாத ராத்திரி பார்ப்பான்.

4 பிப்ரவரி, இரவு 9.40
'பழங்குடி அறிவுக்கு ராயல்டி கொடுத்தால் போதும்' என்று எழுதியவருக்கு. அகத்தியமலையில் அது நடந்திருக்கிறது. 1987-ல் கேரளப் பக்கம் காணிக்காரர் என்ற பழங்குடிகள் வழிகாட்டிகளாகப் போனார்கள். களைக்காமல் நடந்தார்கள், இடையிடையே ஒரு சின்னப் பழத்தை மென்றார்கள். கூடப் போன விஞ்ஞானிகள் கேட்டார்கள், தயங்கித்தான் காட்டினார்கள். ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து. 1995-ல் உரிமம் விற்று, வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளையும் வைத்தார்கள். உலகம் முழுக்கப் புகழ்ந்தார்கள்.

மருந்துக்கு இலை வேண்டும். இலை காட்டில்தான் நன்றாக வளரும். காணிகள் அதை வளர்த்துப் பறித்து விற்க வனத்துறை இணங்கவில்லை. அறிவுக்குப் பங்கு கிடைத்தது, இலையைத் தொட முடியவில்லை. ராயல்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

18 பிப்ரவரி, காலை 6.20
வனத்துறை மேலேயே எல்லாப் பழியையும் போடுகிறேன் என்று ஒரு வனக்காப்பாளர் தனியாக எழுதினார். அவர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காட்டை இன்று ராத்திரி பகலாகக் காக்கிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீத்தடுப்புக் காவலர்கள். அவர்களில் பெரும்பாலோர் இருளரும் சோளகரும் குரும்பருமான பையன்கள். ஒப்பந்தக் கூலி. புலிகளின் எண்ணிக்கை கூடியதற்காகச் சத்தியமங்கலம் காப்பகத்துக்கு 2022-ல் சர்வதேச விருது வந்தது. அந்தப் புலியின் காலடியை முதலில் பார்த்தவன் யார்?

எங்கள் குழுக்களிலும் ஒன்று நன்றாக நடந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அங்கே வனவரும் எங்கள் ஆளும் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேருமே ஆறு மாதம் ஊர்ப் பக்கம் போகவில்லை.

19 பிப்ரவரி, இரவு 11.50
இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன்.

2005-ல் வள வரைபடம் போட ஒரு தொட்டிக்குப் போனோம். மலையில் சின்னக் குடியிருப்புக்கு அந்தப் பேர். தரையில் கோலப்பொடி கொட்டி 'உங்கள் காட்டை வரையுங்கள்' என்றோம். பையன்கள் ரோடு, பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி என்று போட்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த எஜமானர், ஊர்ப் பெரியவரை அப்படித்தான் அழைப்பார்கள், எழுந்து வந்து அதைக் காலால் அழித்தார். ஒரு குச்சியை எடுத்தார். முதலில் கல்லுகுடி, அவர்கள் முன்னோரைப் புதைத்த கல். அங்கிருந்து மாரம்மா, ஒரு சுனை, தேன் பாறை, இன்னொரு குலத்தின் எல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குலம், அங்கே யார் தேன் எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது. கோலப்பொடி தீர்ந்துபோனது. அடுப்புச் சாம்பலைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் சார்ட் தாளில் நகல் எடுத்துக்கொண்டே வந்தேன். அவர் வடக்கே போய்க்கொண்டே இருந்தார். சோதனைச் சாவடியைத் தாண்டினார், மாநில எல்லையைத் தாண்டினார். 'அய்யா, அது கர்நாடகா, நம்ம திட்டத்துல வராது' என்றேன். என்னைப் பார்த்தார். குச்சியைக் கீழே போட்டார். 'சரி கணக்கு சார், ஒனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடுத்துக்க' என்று போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் 'ஆர்வமின்மை' என்று எழுதினேன்.

அம்மிணி, உங்கள் கேள்வியைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

3 மார்ச், இரவு 8.30
உங்கள் செய்தி பார்த்தேன். ராத்திரி எட்டு மணிக்கு, தொட்டியிலேயே, நெருப்பு மூட்டி உட்கார்ந்தீர்கள், முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பதினொரு மணி வரை தராசைப் பற்றியே சண்டை போட்டார்கள் என்கிறீர்கள். நல்லது. சண்டை போடட்டும். தராசைக் கோயில் திண்ணையில் வைப்பதா, பெண்கள் குழுவிடம் கொடுப்பதா என்பதில் நீங்கள் தலையிடாதீர்கள். உங்கள் ஆபீசில் மட்டும் வைக்காதீர்கள்.

தராசை எடை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வியாபாரியே புகார் கொடுப்பார். ஐந்து கிலோ எடைக்கல் ஒன்றும் கூடவே வாங்குங்கள். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை வைத்துப் பார்க்கலாம். ஆடி மாதத்துக்கு முன்பணம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே கேளுங்கள். அது இல்லாமல் தராசு மறுபடியும் மேஜைக்குத்தான் போகும்.

4 மார்ச், காலை 6.05
அந்தப் பழைய சார்ட் தாள் பரணில் கிடைத்தது. மேல்பாதி காலியாக இருக்கிறது. எஜமானர் இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம், அவருடைய தங்கச்சி இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கோலப்பொடி நான் வாங்கி வருகிறேன், சாம்பல் அங்கே இருக்கும்.